விளக்கும் வரைபடமும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கருதினர் நம் முன்னோர். எழுத்து உணர்த்தும் பொருளைக் கற்றவர் யாவரும் அறிவர். எண் உணர்த்தும் பொருளை உய்த்துணர்வார் சிலரே. நீண்டதொரு கணக்கேட்டைத் திறந்து வைத்தால், அதனுள் புதைந்து கிடக்கும் உண்மை கற்றோர்க்கும் எளிதிற் புலனாவதில்லை. அவ்வுண்மையைக் கோடாகவும் பட்டையாகவும் வட்டமாகவும் வரைந்து கண்முன் நிறுத்துவதே வரைபடக் கலையாகும். இக்கலையைத் துணையாகக் கொண்டு பல்லாயிரம் உயிர்களைக் காக்க வழி வகுத்தார் ஓர் அம்மையார். அவரே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஆவார். கைவிளக்கேந்திய காரிகை என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. அவர் கையில் இருந்த விளக்கைப் பற்றிக் கேட்டறிந்தோர் பலர். அவர் மேசைமீது இருந்த கணக்கேட்டையும் வரைபடத்தையும் பற்றி அறிந்தோர் சிலர். அவ்வம்மையாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இளமையும் எண்ணார்வமும்

நைட்டிங்கேல் அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் தோன்றினார். பிறந்த நகரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. அவர்தம் பெற்றோர் ஆங்கில நாட்டுப் பெருஞ்செல்வர். ஹாம்ப்ஷயரிலும் டார்பிஷயரிலும் அவர்களுக்குப் பெரிய மாளிகைகள் இருந்தன. தந்தையார் வில்லியம் கல்வியிற் சிறந்தவர். தம் மக்கள் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைத் தாமே கற்பித்தார்.

இளைய மகளாகிய பிளாரன்சுக்கு எண்களின்மீது தணியாத வேட்கை இருந்தது. சிறுமியாய் இருந்தபோதே தாம் திரட்டிய பொருள்களை வகைப்படுத்திப் பட்டியல் எழுதிவைத்தல் அவருக்கு இன்பமளித்தது. வளர்ந்தபின் கணிதம் பயில விரும்பினார். அக்காலத்தில் உயர்குடிப் பெண்டிர் இசையும் தையலும் பயின்று, தக்க இடத்தில் மணம் புரிந்து வாழ்தலே முறை எனக் கருதப்பட்டது. கணிதம் பெண்ணுக்கு எதற்கு எனத் தாயார் தடுத்தார். மகளோ பலகாலும் வேண்டி இசைவு பெற்றுக் கணிதம் பயின்றார்.

நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தலே தம் பிறவிக் கடன் என்னும் எண்ணமும் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அந்நாளில் செவிலியர் பணி இழிவாகக் கருதப்பட்டமையால் வீட்டார் பெரிதும் எதிர்த்தனர். ஆண்டுகள் பல கழிந்த பின்னரே அவர் எண்ணம் ஈடேறிற்று. 1851ஆம் ஆண்டில் செருமனி நாட்டுக் கைசர்வெர்த் என்னும் ஊரில் சில திங்கள் தங்கிச் செவிலியர் பணி பயின்றார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் நோயுற்ற மகளிர்க்கான மருத்துவ இல்லம் ஒன்றின் தலைவியாக அமர்ந்தார்.

ஸ்குட்டாரியில் ஆற்றிய தொண்டு

1854ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக இரஷ்யாவை எதிர்த்துக் கிரிமியாப் போரில் இறங்கின. காயமும் நோயும் உற்ற ஆங்கில வீரர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டு, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்குட்டாரி என்னும் ஊருக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே படைவீரர் குடியிருப்பு ஒன்று மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அதன் அவலத்தைச் செய்தித்தாள்கள் எடுத்தெழுதவே, ஆங்கில மக்கள் கொதித்தெழுந்தனர். அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், தம் நண்பராகிய நைட்டிங்கேல் அம்மையாரை உதவிக்கு அழைத்தார். அம்மையார் செவிலியர் 38 பேருடன் புறப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் மாதம் 4ஆம் நாள் ஸ்குட்டாரியை அடைந்தார்.

அங்கு அவர் கண்ட காட்சி கல்நெஞ்சையும் உருக்குவதாகும். நோயாளிகள் நெடிய தாழ்வாரங்களில் வரிசை வரிசையாகக் கிடந்தனர். படுக்கையில்லை, மாற்றுடையில்லை, நல்லுணவில்லை. கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கி நாற்றமெடுத்தது. அம்மையார் உணவும் உடையும் திரட்டினார், அறைகளைத் துடைப்பித்தார், இரவில் கைவிளக்கேந்தி ஒவ்வொரு நோயாளியையும் கண்டு தேற்றினார். வீரர்கள் அவரைத் தெய்வமென வணங்கினர்.

எனினும் கூற்றுவன் கை ஓயவில்லை. அவர் வந்தபின்னும் குளிர்காலம் முழுவதும் சாவு ஏறிக்கொண்டே சென்றது. 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அங்கு மருத்துவம் பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் அனுப்பிய நலவாழ்வுக் குழுவினர் வந்து சேர்ந்தனர். அவர்கள் கழிவுநீர்க் கால்வாய்களைக் கழுவித் துப்புரவு செய்தனர். குடிநீரைக் கெடுத்துவந்த பொருள்களை அகற்றினர். காற்று உலவச் சாளரங்களைத் திறப்பித்தனர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுவித்தனர். சூன் மாதத்தில் 100க்கு 2 பேர் என்னும் அளவிற்குச் சாவு குறைந்தது.

எண்கள் உரைத்த உண்மை

1856ஆம் ஆண்டில் அம்மையார் தாயகம் திரும்பினார். ஊரார் எடுக்கவிருந்த வரவேற்புகளை எல்லாம் தவிர்த்து, ஒருவரும் அறியாவண்ணம் இல்லம் சேர்ந்தார். மாண்ட வீரர்களின் நினைவு அவரை உறங்கவிடவில்லை. அவர்கள் ஏன் இறந்தனர் என்னும் வினாவுக்கு விடை காண முனைந்தார். இங்கிலாந்தில் பிறப்பு இறப்புக் கணக்குகளை ஆராய்வதில் வல்லவராய் விளங்கிய வில்லியம் ஃபார் என்பவர் அவருக்குத் துணைநின்றார்.

இருவரும் கணக்கேடுகளை ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. 1855ஆம் ஆண்டு சனவரி மாதம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அம்மாதத்தில் கிழக்கே இருந்த ஆங்கிலப் படையினர் தொகை 32,393. அவர்களுள் காயத்தால் இறந்தோர் 83 பேர். தொற்றுநோய்களால் இறந்தோர் 2,761 பேர். பிற காரணங்களால் இறந்தோர் 324 பேர். பகைவரின் குண்டு ஒருவரைக் கொன்றால், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாந்திபேதியும் முப்பத்து மூவரைக் கொன்றன என்பது இதனாற் புலனாகும். அந்நிலை ஓராண்டு நீடித்திருந்தால், நோயால் மாண்டோர் இடத்தில் புதியவரை இட்டு நிரப்பிக்கொண்டே இருந்தாலும், ஆயிரம் பேர் கொண்ட படைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயால் மட்டும் மாண்டிருப்பர். கழிவுநீரையும் குடிநீரையும் முன்பே ஒழுங்குசெய்திருந்தால் இவர்களுட் பெரும்பாலோர் பிழைத்திருப்பர்.

இவ்வுண்மையை அம்மையார் உணர்ந்தார். உணர்ந்ததைப் பிறர்க்கு உணர்த்துவது எவ்வாறு? அவர் எழுதிய அறிக்கை பல நூறு பக்கங்கள் கொண்டது. எண்கள் நிறைந்த அட்டவணைகளை அமைச்சரும் படைத்தலைவரும் பொறுமையுடன் படிப்பார்கள் என்று நம்புவதற்கில்லை. காதால் கேட்டு உணராதவரும் கண்ணால் கண்டு உணர்வர் என்று அம்மையார் எண்ணினார். ஆகவே வரைபடத்தை நாடினார்.

மூவகைப் படங்கள்

எண்களைப் படமாக வரையும் முறை அம்மையாருக்கு முன்பே தோன்றியிருந்தது. ஸ்காட்லாந்து நாட்டவரான வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். இங்கிலாந்து பிற நாடுகளுடன் நடத்திய வாணிகம் ஆண்டுதோறும் ஏறியும் இறங்கியும் வந்ததைக் கோடுகளால் அதில் வரைந்து காட்டினார். ஸ்காட்லாந்தின் வாணிகத்திற்கு அவரிடம் ஓராண்டுக் கணக்கே இருந்தது. ஓராண்டைக் கொண்டு ஏற்ற இறக்கத்தைக் காட்ட இயலாது. ஆகவே நாடுதோறும் பட்டைகள் வரைந்து ஒப்பிட்டுக் காட்டினார். பின்னர் 1801ஆம் ஆண்டில் மற்றொரு நூல் வெளியிட்டார். துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் எவ்வெவ்வளவு பங்காக அமைந்திருந்தது என்பதை வட்டத்தைக் கூறிட்டு அதில் காட்டினார். கோட்டு வரைபடம், பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம் ஆகிய மூன்றும் இவ்வாறு தோன்றின.

இம்மூன்றின் இயல்பையும் நம் ஊர்ப்புறத்து எடுத்துக்காட்டு ஒன்றால் தெளிவோம். சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளுள் நான்கு பழமையானவை. பூந்தமல்லியை அடுத்துச் செம்பரம்பாக்கம் ஏரியும், அம்பத்தூருக்கு வடக்கே புழல் ஏரியும், அவற்றிற்கு அப்பால் சோழவரமும் பூண்டியும் உள்ளன. செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும், புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. இந்த ஏரிகளைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்பலாம்.

முதல் வினா, செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் இவ்வாண்டு எவ்வாறு மாறிவந்தது என்பது. இதற்குக் கோட்டு வரைபடமே ஏற்றது. நாள்களைக் கிடையாகவும் நீர்மட்டத்தை நெடிதாகவும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால், கோடைக்காலத்தில் கோடு தாழ்ந்து செல்வதையும், வடகிழக்குப் பருவமழையில் நிமிர்ந்து எழுவதையும் காணலாம். அவ்வேரியின் முழு ஆழம் 24 அடி. கோடு அவ்வளவை நெருங்குகின்றதா, எவ்வளவு விரைவாக நெருங்குகின்றது என்பதைக் காண்போர் உடனே உணர்வர். 2015ஆம் ஆண்டு பெருவெள்ளத்தைக் கண்ட அடையாற்றங்கரை மக்களுக்கு அக்கோட்டின் அருமை நன்கு விளங்கும்.

இரண்டாம் வினா, நான்கு ஏரிகளுள் எது பெரியது, எது சிறியது என்பது. இதற்குப் பட்டை விளக்கப்படம் ஏற்றது. நான்கு பட்டைகளை அருகருகே நிறுத்தினால், சோழவரம் ஏனையவற்றில் மூன்றில் ஒரு பங்கே உள்ளது என்பது எளிதில் விளங்கும். இந்நான்கையும் கோட்டால் இணைப்பது பொருந்தாது. கோடு என்பது ஒன்று மற்றொன்றாக மாறிச் செல்லும் ஒழுக்கைக் காட்டுவது. பூண்டி ஏரி மாறிச் சோழவரம் ஆவதில்லை அன்றோ!

மூன்றாம் வினா, நான்கு ஏரிகளும் கொள்ளும் மொத்த நீரில் ஒவ்வொன்றின் பங்கு யாது என்பது. இதற்கு வட்ட விளக்கப்படம் ஏற்றது. மொத்தம் 11,257 மில்லியன் கன அடி. அதனை 100 எனக் கொண்டால் செம்பரம்பாக்கத்திற்கு 32, புழலுக்கு 29, பூண்டிக்கு 29, சோழவரத்திற்கு 10 எனக் கூறுகள் அமையும். கூறுகள் யாவும் சேர்ந்து முழுமையாகும் இடத்தில்தான் வட்டம் பயன்படும். புழலும் பூண்டியும் ஏறத்தாழச் சமமாக இருத்தலின், அவற்றுள் எது பெரியது என்பதை வட்டத்தில் கண்ணால் அளந்தறிதல் அரிது. அதற்குப் பட்டையையே நாடவேண்டும்.

பட்டை வரைவோர் கருத்தில் இருத்தவேண்டியது ஒன்று உண்டு. பட்டைகள் சுழியத்தில் தொடங்குதல் வேண்டும். மேற்கூறிய ஏரிகளின் பட்டைகளை 3,000 என்னும் அளவில் தொடங்கி வரைந்தால், செம்பரம்பாக்கம் பூண்டியைப் போல ஏறத்தாழ மும்மடங்கு பெரிதாகத் தோன்றும். சோழவரமோ படத்தில் இடம்பெறாமலே போய்விடும். எண் ஒவ்வொன்றும் மெய்யாயிருந்தும் படம் பொய் சொல்லும். ஆதலின், அடிக்கோடு எங்குத் தொடங்குகின்றது என்று பார்த்த பின்னரே பட்டைகளை ஒப்பிடவேண்டும்.

மலர்ப்படமும் அதன் திருத்தமும்

இனி நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றைத் தொடர்வோம். போரின் ஈராண்டு இறப்புக் கணக்கைக் காட்ட அவர் புதிய படம் ஒன்றை அமைத்தார். வட்டத்தைப் பன்னிரண்டு சம கோணங்களாகப் பகுத்து, மாதம் ஒன்றுக்கு ஒரு கூறு வைத்தார். 1854 ஏப்பிரல் முதல் 1855 மார்ச்சு வரை ஒரு வட்டம். அடுத்த பன்னிரு மாதங்களுக்கு மற்றொரு வட்டம். இறப்பு மிகுந்த மாதத்தின் கூறு மையத்திலிருந்து நெடுந்தொலைவு நீண்டது. குறைந்த மாதத்தின் கூறு ஒடுங்கியது. தடுக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவுக்கு நீலம், காயத்தால் நேர்ந்த சாவுக்குச் சிவப்பு, பிற காரணங்களால் நேர்ந்த சாவுக்குக் கறுப்பு என மூன்று வண்ணங்கள் தீட்டினார். இதழ் விரிந்த மலர்போன்ற இப்படத்தைப் பிற்காலத்தார் ரோசாமலர்ப் படம் என்றும் சேவற்கொண்டைப் படம் என்றும் வழங்கினர்.

முதலில் அவர் வரைந்த படத்தில் குறையொன்று இருந்தது. இறப்பின் அளவை மையத்திலிருந்து செல்லும் நீளத்தால் காட்டியிருந்தார். காண்போர் கண்ணோ நீளத்தை விட்டுப் பரப்பையே நோக்கும். பக்கம் ஒரு கோல் உள்ள சதுர நிலத்தினும் பக்கம் இரு கோல் உள்ள சதுர நிலம் நான்கு மடங்கு பெரிது என்பதை உழவர் அறிவர். அதுபோலவே நீளம் இரட்டித்தால் படத்தின் பரப்பு நான்கு மடங்காகிவிடும். இருமடங்கு சாவு நான்கு மடங்காகத் தோன்றும். இது மிகையாகும்.

இக்குறையை உணர்ந்ததும் அம்மையார் அதனை மறைக்க முயலவில்லை. படத்துடன் திருத்தக் குறிப்பொன்றைச் சேர்த்தார். அடுத்த படத்தை வேறு முறையில் வரைந்தார். கூற்றின் பரப்பே இறப்பின் அளவாக அமையுமாறு நீளத்தைக் கணக்கிட்டார். சாவு நான்கு மடங்கானால் நீளம் இருமடங்கு மட்டுமே ஆகுமாறு செய்தார். அதனால் படத்தின் வேகம் ஓரளவு குறைந்தது. ஆயினும் அதன் மெய்ம்மை நிலைபெற்றது. தம் கட்சிக்கு வலிமை தரும் மிகையையும் தாமே நீக்கிய அந்நேர்மை, அவருடைய தொண்டுள்ளத்தினும் குறைந்ததன்று. அவர் கூற்றை மறுக்க விரும்பிய படைத்துறையினர் பலர் இருந்தனர். படத்தில் பிழை இருந்திருப்பின், அதனைச் சுட்டியே உண்மையையும் தள்ளிவிட்டிருப்பர்.

திருத்திய படத்தைக் கண்டோர் திகைத்தனர். முதல் வட்டத்தில் நீலம் பெருகிப் பரந்திருந்தது. நடுவே சிவப்பு சிறு துண்டாய்ச் சுருங்கிக் கிடந்தது. நலவாழ்வுக் குழுவினர் ஸ்குட்டாரியை அடைந்த பின்னர் அமைந்த இரண்டாம் வட்டத்திலோ நீலம் நாளடைவில் தேய்ந்து சென்றது. வீரரைக் கொன்றது பகைவரின் குண்டன்று, பாசறையின் அழுக்கே என்பதை அட்டவணை படிக்கத் தெரியாதவரும் அறிந்தனர்.

மாதவாரியான கணக்கைக் கோட்டு வரைபடத்தாலும் காட்டியிருக்கலாம். சாவின் அளவை நுட்பமாக அளந்தறிய விரும்புவோர்க்குக் கோடும் பட்டையுமே எளியவை. வட்டக் கூறுகளின் பரப்பைக் கண்ணால் அளப்பது கடினம். ஆயினும் அம்மையார் எண்ணிய பயன் வேறு. ஈராண்டுகளையும் அருகருகே வைத்து, காண்போர் உள்ளத்தை ஒரு நொடியில் அசைக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்கு அம்மலர்ப்படம் பொருத்தமாயிற்று. படம் யாருக்கு, எதற்கு என்பதை முதலில் வினவிக்கொண்டே அவர் வடிவத்தைத் தேர்ந்தார் என்பதை இதனால் அறியலாம்.

பட்டைகள் காட்டிய வேறுபாடு

போர்க்காலத்தில் சாவு மிகுதல் இயல்புதானே என்று வாதிப்போர் இருந்தனர். அவர்களுக்கு விடை கூற அம்மையார் வேறொரு படம் வரைந்தார். அமைதிக்காலத்தில் தாயகத்துப் பாசறைகளில் வாழும் வீரர்களின் இறப்பையும், அதே வயதுடைய பொதுமக்களின் இறப்பையும் ஒப்பிட்டார். இரு திறத்தாரை ஒப்பிடுவதே இங்கு நோக்கம் ஆதலின், மலரை விடுத்துப் பட்டையைக் கைக்கொண்டார்.

20 முதல் 25 வயது, 25 முதல் 30 வயது என 40 வயது வரை நான்கு வகுப்புகள் அமைத்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பட்டைகள். பொதுமக்களுக்குக் கறுப்பு, வீரர்க்குச் சிவப்பு. முதல் வகுப்பில் ஆண்டுதோறும் பொதுமக்களில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 8 பேர் இறந்தனர். வீரரில் 17 பேர் இறந்தனர். ஏனைய மூன்று வகுப்புகளிலும் சிவப்புப் பட்டை கறுப்பினும் மிக நீண்டே இருந்தது. படையிற் சேர்வோர் உடல்நலம் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நோயற்றவரையே தேர்ந்தெடுத்து, போரில்லாத காலத்திலும் இருமடங்கு சாவுக்கு ஆளாக்குவது பாசறையின் குற்றமே அன்றோ? வாதிட்டோர் வாயடங்கினர்.

1857ஆம் ஆண்டில் அரசாங்கம் சிட்னி ஹெர்பர்ட் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அம்மையார் திரட்டிய கணக்குகளும் படங்களும் அக்குழுவுக்குப் பெருந்துணையாயின. பாசறைகளும் மருத்துவமனைகளும் சீர்திருத்தப்பட்டன. படைவீரரின் நோய், இறப்புக் கணக்குகளை ஒழுங்காகப் பதிவதற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1858ஆம் ஆண்டில் இலண்டன் புள்ளியியல் கழகம் அம்மையாரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றுப் பெருமை பெற்றது. 1860ஆம் ஆண்டில் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கப்பெற்றது.

இந்தியாவுக்கு ஆற்றிய தொண்டு

அம்மையாரின் பார்வை பின்னர் நம் நாட்டின்மீது சென்றது. அக்காலத்தில் பரங்கிமலையிலும் பூந்தமல்லியிலும், நாட்டின் பிற பகுதிகளிலும் ஆங்கிலப் படைகளின் பாசறைகள் இருந்தன. கடல் கடந்து வந்த இளைஞர் பலர் போர்முனையைக் காணுமுன்பே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டனர். இந்தியாவில் இருந்த ஆங்கில வீரருள் ஆண்டுதோறும் 1,000 பேருக்கு 69 பேர் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டது. இதனை ஆராய 1859ஆம் ஆண்டில் அரச குழு ஒன்று அமைக்கப்பட்டது.

அம்மையார் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்தவரல்லர். கிரிமியாவில் பற்றிய காய்ச்சலால் உடல்நலம் குன்றிப் பெரும்பாலும் அறையிலேயே அடைபட்டுக் கிடந்தார். எனினும் அங்கிருந்தே வினாத்தாள்கள் அச்சிட்டு இந்தியப் பாசறைகளுக்கெல்லாம் அனுப்புவித்தார். குடிநீர் எங்கிருந்து வருகின்றது, கழிவுநீர் எங்கே செல்கின்றது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர், எத்தனை பேர் எந்நோயால் இறந்தனர் என்றெல்லாம் வினவினார். வண்டி வண்டியாக வந்து குவிந்த விடைகளைப் படித்து ஆராய்ந்து, படங்களோடு கூடிய நூலொன்றாக எழுதினார். அரச குழுவின் அறிக்கை 1863ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் நலவாழ்வுக் குழுக்கள் நிறுவப்பட்டன. 1873ஆம் ஆண்டளவில் 1,000க்கு 69 என்றிருந்த சாவு 18 ஆகக் குறைந்தது.

பாசறையை மட்டும் துப்புரவு செய்தாற் போதாது என்பதையும் அவர் கண்டார். வேலிக்கு அப்பால் வாழும் மக்கள் நோயுற்றிருக்கையில் வேலிக்குள் இருப்போர் நலமுடன் வாழ்தல் இயலாது. ஆகவே வீரருக்காகத் தொடங்கிய தொண்டு உழவரையும் தழுவிச் சென்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, அம்மையார் மனம் நொந்து, நம் மக்களின் துயரை ஆங்கில இதழ்களில் எடுத்தெழுதினார். கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை அமைத்த சர் ஆர்தர் காட்டனின் பக்கம் நின்று, ஏரிகளும் கால்வாய்களும் பெருகவேண்டும் என்று வாதாடினார்.

இறுதிக் காலம்

எண்களை ஆராயும் கலை ஆட்சி புரிவோர்க்கு இன்றியமையாதது என்பது அம்மையாரின் உறுதியான கொள்கை. பல்கலைக்கழகத்தில் பயின்று வெளிவரும் இளைஞர் நாட்டை ஆளச் செல்கின்றனர். ஆனால் தாம் இயற்றும் சட்டத்தால் மக்கள் வாழ்ந்தனரா தாழ்ந்தனரா என அளந்தறியும் கல்வி அவர்க்கு இல்லை என வருந்தினார். 1891ஆம் ஆண்டில், தம் 71ஆம் வயதில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் புள்ளியியலுக்குப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படுத்த முயன்றார். அம்முயற்சி அவர் காலத்தில் கைகூடவில்லை.

முதுமையில் அம்மையார் கண்பார்வை இழந்தார். பிறர் கண்ணுக்கு உண்மையை விளக்கமாகக் காட்டிய அவர் கண்கள் ஒளி மங்கின. 1907ஆம் ஆண்டில் ஆங்கில அரசர் அவருக்குத் தகுதிப் பெருமை விருது வழங்கினார். அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13ஆம் நாள், 90 வயது நிறைந்த நிலையில் அம்மையார் இயற்கை எய்தினார். பேரரசரும் பெரும்புலவரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய நாட்டார் விரும்பினர். உறவினர் அதனை ஏற்காது, ஹாம்ப்ஷயரில் உள்ள சிற்றூர்க் கோவிற் கல்லறையில் எளிமையாக அடக்கம் செய்தனர். அவர் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

மாணவர்களே! இன்று செய்தித்தாளைத் திறந்தாலும் அரசு அறிக்கையைப் புரட்டினாலும் கோடும் பட்டையும் வட்டமும் காண்கின்றீர்கள். அவற்றைக் காணும்போது, இப்படம் எவ்வினாவுக்கு விடை கூறுகின்றது, அவ்வினாவுக்கு இவ்வடிவம் தக்கதா, அளவுகள் மெய்யாக வரையப்பட்டுள்ளனவா என்று கேட்டுப் பழகுங்கள். நீங்களே வரையும் காலத்தில், காலத்தோடு மாறுவதைக் கோட்டாலும், ஒன்றோடொன்று ஒப்பிடுவதைப் பட்டையாலும், முழுமையின் கூறுகளை வட்டத்தாலும் காட்டுங்கள். கணக்கேட்டில் காணும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஓர் உயிர் இருந்தது என்பதை நைட்டிங்கேல் அம்மையார் மறந்தாரல்லர். அந்நினைவே அவர் விளக்குக்கு நெய்யாகவும், அவர் வரைந்த படங்களுக்கு உயிராகவும் அமைந்தது.